தோள்வலியும் துறவும்

சென்ற கார்த்திகைத் திங்களில் வேலூரிலிருந்து ஆம்பூர் செல்லும் வழியில், மாதனூரில் வாழும் நம் அன்பர் ஒருவர் இல்லத்தில் ஒரு பகற்பொழுது தங்கும் வாய்ப்பு நேர்ந்தது. அவர் முன்னோர் வந்தவாசிப் பக்கத்து நயினார் குடியினர். மழை பொய்த்து நிலம் கைவிட்டபின் பிழைப்புத் தேடி இப்பக்கம் வந்தவர் அவர். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளாக ஆம்பூரையடுத்த ஒரு ஷூ கம்பெனியில் கணக்கெழுதி வருகிறார். நாள்தோறும் பொழுது சாயுமுன் உண்பவர், அட்டமி சதுர்த்தசியில் நோன்பிருப்பவர், தோல் செருப்பைக் காலில் அணியாதவர். அவருக்குப் பதினான்கு வயதில் ஒரு மகன் இருக்கிறான். இக்கட்டுரை அம்மகன் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது.

நாம் கூடத்தில் அமர்ந்திருந்தபோது சிறுவன் கைப்பேசியில் ஒரு பழைய படத்தை ஆழ்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். மலைபோன்ற தோள்களை உடைய தாடிக்காரர் ஒருவர், முழங்காலுக்கு மேலே நிற்கும் சிறு ஆடையும் கணைக்கால் வரை வாரிட்ட செருப்புமாக, ஒரு சிங்கத்தோடு கட்டிப் புரண்டு அதன் உயிரைப் போக்கினார். பின்னர் இரு கைகளாலும் சங்கிலிகளை இழுத்து அரண்மனைத் தூண்களைச் சரித்தார். சிறுவன் தன்னை மறந்து கைதட்டினான். உள்ளிருந்து வந்த தந்தை, "உயிர்க்கொலையைப் பார்த்துக் கைதட்டலாமா? நாம் எந்தக் குலத்தில் பிறந்தோம்?" என்று கடிந்துகொண்டார். சிறுவன் தலைகுனிந்தான். ஆயினும் சற்று நேரத்திற்குப் பின், "அப்பா, அந்தச் சிங்கம் உண்மையில் சாகவில்லை. அது நடிப்பு. உங்கள் கம்பெனியில் தைக்கும் செருப்பில் இருப்பது உண்மைத் தோல்தானே?" என்று மெல்லக் கேட்டான். தந்தை விடை கூறவில்லை. நம் பக்கம் திரும்பினார். நாமும் அப்போது விடை கூறவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதுகிறோம்.

அந்தத் தாடிக்காரர் ஸ்டீவ் ரீவ்ஸ் என்ற அமெரிக்கர். படம் 1958இல் இத்தாலியில் பியெத்ரோ பிரான்சிஷி இயக்கிய ஹெர்குலிஸ் கதை. நம் வாசகர்களில் அறுபதைக் கடந்தோர் சிலர் இவ்வகைப் படங்களை நகரத்துக் கொட்டகைகளில் பார்த்திருக்கக்கூடும். இளையோர் பொருட்டு அவற்றின் வரலாற்றைச் சிறிது கூறுவது பொருந்தும்.

இந்தப் பலசாலி வீரன் இத்தாலியத் திரையில் தோன்றியது 1914இலேயே ஆகும். ஜியோவானி பாஸ்ட்ரோனே எடுத்த 'கபீரியா' என்னும் மௌனப் படத்தில் மசிஸ்தே என்றோர் அடிமை வருகிறான். உரோமுக்கும் கார்த்தேஜுக்கும் போர் நடந்த காலத்துக் கதை அது. பலியிடப்பட இருந்த ஒரு பெண்குழந்தையை மீட்க அவன் துணை நிற்கிறான். அவ்வேடத்தில் நடித்தவர் பார்த்தொலொமேயோ பகானோ. ஜெனோவாத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். மக்கள் அவரிடம் வைத்த அன்பால் மசிஸ்தே பல படங்களின் தலைவனாகிப் பத்தாண்டுகளுக்கு மேல் உலவினான். பிறகு ஓய்ந்து கிடந்த அவ்வகையை உயிர்ப்பித்தது மேற்சொன்ன ஹெர்குலிஸ் படந்தான். ஜோசப் லெவின் என்பார் அதனை 1959இல் அமெரிக்காவில் பெரும் விளம்பரத்தோடு வெளியிட்டார். பணம் குவிந்தது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் இத்தாலியில் ஹெர்குலிஸ், மசிஸ்தே, உர்சுஸ், சாம்சன், கோலியாத் என்று பலசாலிகள் வரிசையாகப் புறப்பட்டனர். ஒரு படத்திற்கு எழுப்பிய கோட்டை அடுத்த படத்திலும் வரும். உடற்பயிற்சிப் போட்டிகளில் வென்றோரை அழைத்து வந்து நிறுத்தினர். பெரும்பாலும் நடிகர் பேசியது ஒரு மொழியும் நாம் கேட்பது வேறொருவர் குரலுமாக இருக்கும். ஸ்டீவ் ரீவ்ஸுக்கும் இரவல் குரலே வாய்த்தது. தோள் ஒருவருடையது, சொல் இன்னொருவருடையது! ஆங்கிலேயர் இவற்றை 'வாளும் செருப்பும்' படங்கள் என்று சற்று எள்ளலாக அழைத்தனர். பிரெஞ்சுத் திறனாய்வாளர் பண்டைக் கிரேக்க மகளிர் ஆடையின் பெயரால் 'பெப்லம்' என்றனர்.

1964இல் செர்ஜியோ லியோனே எடுத்த துப்பாக்கி வீரன் படம் வெற்றி பெற்றதும் இத்தாலியத் தயாரிப்பாளர் அப்பக்கம் திரும்பினர். இதே லியோனேதான் 1961இல் ரோட்ஸ் தீவின் பேருருவச் சிலையைப் பற்றி ஒரு வாள் படம் இயக்கியவர். தோளின் இடத்தைத் துப்பாக்கி பிடித்தது. பலசாலிகள் ஊர் திரும்பினர். ரீவ்ஸ் 1959இல் பாம்பெயி நகரத்தின் இறுதி நாட்களைப் பற்றிய படத்தில் தேர் ஒன்று மரத்தில் மோதித் தோள் மூட்டு விலகி, அவ்வூறு தீராமலே 1968இல் கடைசிப் படத்தை முடித்து, கலிபோர்னியாவில் குதிரை வளர்த்து, 2000இல் மறைந்தார். தூண்களைச் சாய்த்தாகக் காட்டப்பட்ட தோளை ஒரு மரம் சாய்த்துவிட்டது.

நம் நாட்டிலும் இக்காற்று வீசாமலில்லை. மல்லர் தாராசிங் 1962இல் 'கிங் காங்' என்ற இந்திப் படத்திலும், 1964இல் 'சாம்சன்', 'ஹெர்குலிஸ்' என்ற பெயர்களிலேயே வந்த படங்களிலும் நடித்தார். தமிழகத்தில் உடல்வலிக்கே மறுபெயராய் அமைந்தது 'சாண்டோ' என்னும் சொல். யூஜின் சாண்டோ என்ற ஜெர்மானிய நாட்டுப் பலசாலி 1904-05இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்து காட்சிகள் நடத்தினார். அவர் பெயர் நம் உடற்பயிற்சிக் கூடங்களில் தங்கிவிட்டது. திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவருக்கு அது பட்டப்பெயராயிற்று. கையில்லாத பனியனுக்கும் அதுவே பெயராயிற்று. ஒரு மனிதர் தம் தோளுக்காக இறுதியில் ஒரு பனியனில் நினைக்கப்படுவது உலக இயல்பைச் சொல்லாமற் சொல்கிறது.

மேனாட்டுப் பலசாலியின் கதையைக் கேட்டதும், "இவை பிறர் கதைகள், நமக்கென்ன?" என்று நம்மில் சிலர் ஒதுக்குவர். அவ்வாறு ஒதுக்க இயலாது. சிங்கத்தின் வாயைப் பிளந்த வீரனைத் தமிழில் பாடியவர் நம் சமயத்துப் புலவரே. தோலாமொழித்தேவர் இயற்றிய சூளாமணியின் தலைவன் திவிட்டன் வேறு யார்? போதனமாநகர் அரசன் பயாபதியின் மகன் அவன். அச்சுவகண்டனுக்குத் திறை செலுத்த மறுக்கிறான். பகைவர் பக்கத்து வித்தியாதரன் ஒருவன் மாயச் சிங்க வடிவெடுத்து நாட்டை அலைக்கிறான். திவிட்டன் துரத்த, அம்மாயச் சிங்கம் ஒரு மலைக்குகையினுள் ஓடி மறைகிறது. அக்குகையில் உண்மைச் சிங்கம் ஒன்று இருந்தது. வெகுண்டு வெளிப்பட்ட அதனைத் திவிட்டன் வெறுங்கையால் வாய்பிளந்து கொல்கிறான். பின்னர் அச்சுவகண்டனையும் போரில் கொல்கிறான். கோடிக்குன்றத்தைப் பெயர்த்து எடுத்துத் தன் வலிமையைக் காட்டுகிறான். நெமியாச் சிங்கத்தைக் கொன்ற ஹெர்குலிஸுக்கும் இவனுக்கும் தோளளவில் என்ன வேற்றுமை?

வேற்றுமை தோளில் இல்லை. கதை எங்கே நிறுத்தப்படுகிறது என்பதில் இருக்கிறது. இத்தாலியப் படம் தூண்கள் சரிந்தபின், காதலியோடு வீரன் கப்பலேறியதும் முடிகிறது. ஸ்ரீபுராணம் முதலிய நம் நூல்கள் அங்கே முடிப்பதில்லை. சலாகா புருடர் அறுபத்து மூவரில் தீர்த்தங்கரர் இருபத்துநால்வர், சக்கரவர்த்திகள் பன்னிருவர். எஞ்சியோர் பலதேவர், வாசுதேவர், பிரதிவாசுதேவர் எனும் ஒன்பதின்மர் மூன்று தொகுதியினர். வாசுதேவர் ஒவ்வொருவரும் தம் காலத்துப் பிரதிவாசுதேவரைக் கொல்வர். கொன்று மூன்று கண்ட நிலத்தை ஆள்வர். ஆண்டபின் நரகம் புகுவர். உடன்பிறந்த பலதேவரோ கொலைத் தொழிலில் கை நனையாமல் துறவு பூண்டு உயர்கதி அடைவர். இராமன் கதையைச் சொல்லும்போதும் நம் புராணங்கள் இராவணனைக் கொல்லும் செயலை இலக்குவனிடம் ஒப்படைப்பதன் காரணம் இதுவே. திவிட்டன் முதல் வாசுதேவன். அவன் ஏழாம் நரகம் புகுந்து, அங்கிருந்து மீண்டு ஒரு சிங்கமாகப் பிறந்தான் என்று புராணம் கூறுகிறது. எவனது கை சிங்கத்தைப் பிளந்ததோ அவ்வுயிர் சிங்கத்தின் உடலில் அடைபட்டது. மீண்டும் நரகம், மீண்டும் சிங்கம். அப்பிறவியில் வான்வழிச் செல்லும் சாரண முனிவர் இருவர் அதற்கு அறம் உரைத்தனர். சிங்கம் கேட்டது. ஊனை விட்டது. உண்ணாமல் கிடந்து அமைதியாக உயிர் நீத்தது. அவ்வுயிரே பல பிறவிகளுக்குப் பின் குண்டபுரத்தில் சித்தார்த்த மன்னருக்கும் திரிசலை தேவிக்கும் மகனாய்த் தோன்றிய வர்த்தமானர் என்பதை நம் இல்லங்களில் சிறுவரும் அறிந்திருக்க வேண்டும்.

இவ்விடத்தில் நாம் வாசகரைச் சற்று நிறுத்துகிறோம். மகாவீரர் என்ற திருப்பெயரில் வீரம் இருக்கிறது. ஜினர் என்ற சொல்லுக்கே வென்றவர் என்பது பொருள். நம் சமயம் வீரத்தை வெறுக்கும் சமயமன்று. வீரம் எந்த உயிரில் எவ்வாறு வளர்ந்தது என்பதை ஒரு பிறவியில் முடித்துவிடாமல் தொடர்ந்து பின்சென்று பார்க்கும் சமயம் அது. அந்தச் சிங்கம் பசியோடு கிடந்த நாட்களைவிடக் கோடிக்குன்றம் கனமானதா? படமெடுப்போர் அதனை எவ்வாறு காட்டுவர்? அசையாமல் கிடக்கும் ஒரு விலங்கை இரண்டு மணிநேரம் யார் பார்ப்பர்? வலிமையின் உயர்ந்த நிலை கண்ணுக்குச் சுவையாக இராது என்பதே திரைக்கலையின் இடர்ப்பாடு என்று நமக்குத் தோன்றுகிறது.

நேர்மையாக ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மசிஸ்தே அடிமை. அவன் தோள் வலிமை ஒரு குழந்தையைக் காத்தது. அதனை வன்முறை என்று ஒரே சொல்லால் தள்ளிவிட்டு நாம் தூய்மையாய் ஒதுங்கி நிற்பது எளிது. நம் ஆசாரியர் அவ்வளவு எளிதாக இதனைக் கருதவில்லை. இம்சையை அவர்கள் நால்வகையாகப் பிரித்தனர். கொல்லவே எண்ணிக் கொல்வது சங்கற்பம். சமைத்தல், துப்புரவு முதலிய இல்லறச் செயல்களில் நேர்வது ஆரம்பம். தொழிலில் நேர்வது உத்தியோகம். தீயோரைத் தடுத்து எளியோரைக் காப்பதில் நேர்வது விரோதம். இவற்றுள் இல்லறத்தான் அறவே விலக்க வேண்டியது முதலாவது. ஏனையவற்றைக் குறைத்துக்கொண்டே வருதல் அவன் கடமை. கங்க அரசர் படைக்குத் தலைமை தாங்கிப் போர்ப் பட்டங்கள் பல பெற்ற சாமுண்டராயர் சமணரே. ஆகவே எளியவனைக் காக்க எழும் தோளை நம் சமயம் பழிக்கவில்லை. அவ்வெழுச்சியிலும் வினை கட்டும் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்கிறது. காத்த நன்மை ஒருபுறமும் கொன்ற தீமை ஒருபுறமும் தனித்தனியே எழுதப்படும். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அடித்துவிட இயலாது. கணக்கெழுதும் நம் மாதனூர் அன்பருக்கு இது நன்கு விளங்கும்.

இனிச் சிறுவனின் வாதத்திற்கு வருவோம். "சிங்கம் சாகவில்லை, நடிப்புத்தானே?" இக்கேள்விக்கு விடைதேடும்போது யசோதர காவியம் நினைவுக்கு வராமல் போகாது. மன்னன் யசோதரன் தீக்கனவு கண்டதாகக் கூறினான். தாய் சந்திரமதி உயிர்ப்பலி தருமாறு வற்புறுத்தினாள். கொலைக்கு அஞ்சிய மன்னன், தாய் சொல்லையும் தட்ட மாட்டாமல், மாவினால் ஒரு கோழி செய்து அதனைப் பலியிட உடன்பட்டான். சிற்பி செய்த கோழி உயிருள்ளதுபோல் அமைந்தது. மன்னன் வாளால் வெட்டினான். அவ்வளவே நடந்தது. ஓர் உயிரும் போகவில்லை. ஆயினும் அரசனும் தாயும் மயிலாகவும் நாயாகவும் தொடங்கி விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்று, கோழிகளாகவும் பிறந்து மாண்டபின்னரே அபயருசி, அபயமதி என்னும் மனிதப் பிறவி எய்தினர். மாவைக் கொன்றதற்கு இத்தனை தண்டனையா என்று நம் இளைஞர் சிலர் நகைப்பதுண்டு. நாமும் இளமையில் நகைத்தவரே.

மாக்கோழியை வெட்டியவன் அது மா என்று அறிந்தே வெட்டினான். எனினும் கோழியாகக் கருதி வெட்டினான். கொலையின் பயன் தனக்குக் கிட்ட வேண்டும் என்று விரும்பினான். பொருளளவில் நேராத இம்சை எண்ணத்தளவில் முழுமையாக நேர்ந்தது. நூலோர் இதனைப் பாவ இம்சை என்பர். உயிரின் உடலுக்கு நேரும் கேடு திரவிய இம்சை. இப்போது திரையைப் பாருங்கள். அங்கே சிங்கமாக வருவது பழக்கிய விலங்கோ தைத்த தோலோ எதுவாயினும் ஆகுக. பார்ப்பவன் அது நடிப்பு என்று அறிவான். அச்சாவினால் தனக்கு நலம் வருமென்று அவன் கருதுவதில்லை. இவ்வளவில் சிறுவன் யசோதரனைவிட மிக மெலிந்த வினையாளன் என்றே சொல்ல வேண்டும். தந்தையார் கடிந்த அளவு கடுமை அவனுக்குத் தகாது.

ஆனால் அவன் கை தட்டினான். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றில் மூன்றாவது இங்கே உள்ளே நுழைகிறது. பிறவுயிர் துன்புறுவதில் மகிழ்ச்சி கொள்வதை இம்சானந்தம் என்று ரௌத்திர தியானத்தின் முதல் வகையாக வைத்தனர். உள்ளத்தைக் கலக்கும் கதைகளைக் கேட்பதைப் பயனில்லாத தீங்குகளுள் ஒன்றாகச் சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் எண்ணினார். அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பு நம் முன்னோர் வீடுகளில் ஓதப்பட்ட நூல். திரைப்படம் என்ற ஒன்றைக் கனவிலும் காணாத அப்பெரியோர், கதை கேட்பவன் நெஞ்சு என்னவாகிறது என்பதைக் கவனித்திருந்தனர். ஒரு முறை கைதட்டியதால் நரகம் என்று நாம் சொல்லவில்லை. அடிவிழும் ஓசையில் இன்பம் காணும் பழக்கம் நூறு முறை, ஆயிரம் முறை மனத்தில் படியும்போது, உண்மையில் ஒருவன் தெருவில் அடிபடும்போது அப்பழக்கம் எந்தப் பக்கம் நிற்கும் என்பதே அச்சம். தெருவில் விபத்து நேர்ந்தால் கைப்பேசியை உயர்த்திப் படமெடுக்கும் கூட்டத்தை நாம் காணாமலா இருக்கிறோம்?

வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களில் பாரதக் கூத்தின் முடிவில் படுகளம் அமைப்பர். துரியோதனனை மண்ணால் பேருருவாகத் தரையில் கிடத்துவர். வீமன் வேடமிட்டவர் அதன் தொடையைப் பிளப்பார். சுற்றி நிற்கும் ஊரார் ஆரவாரிப்பர். அந்தக் களத்தில் துரியோதனனுக்காக ஒப்பாரி வைக்கும் வழக்கமும் உண்டு. வீழ்ந்தவனுக்கு அழும் ஒரு குரலை அக்கூத்து மறவாமல் வைத்திருக்கிறது. பிறர் வழிபாட்டைக் குறித்து நாம் மதிப்புரை கூற வரவில்லை. இத்தாலியப் படங்களில் அவ்வழுகுரல் இல்லை என்பதைக் குறிக்கவே இதனைச் சொன்னோம். அங்கே ஹெர்குலிஸ் சங்கிலியை இழுத்ததும் தூண்களின் அடியில் நசுங்கியவர் பெயரில்லாப் படைவீரர். அவர்களுக்கும் தாய்மார் இருந்திருப்பர்.

நம் காலத்து எடுத்துக்காட்டு ஒன்று இன்னும் அருகில் இருக்கிறது. 2015இலும் 2017இலும் எஸ். எஸ். இராஜமௌலி இயக்கத்தில் தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்த 'பாகுபலி' படங்களைப் பார்க்காத வீடு நம் சமுதாயத்தில் அரிது. இத்தாலியர் கைவிட்ட வாளையும் செருப்பையும் தூண்களையும் சிலைகளையும் அதைவிடப் பன்மடங்கு பொலிவோடு மீட்டெடுத்த படங்கள் அவை. கலைத்திறனை நாம் குறைகூறவில்லை. ஆனால் பெயர் யாருடையது? அரியணைக்காக உடன் வளர்ந்த இருவர் பொருதுகின்றனர் என்பது எவருடைய கதை? படத்தில் பகை எரிசிதையில் முடிகிறது. நம் பாகுபலியின் கதை, கொல்லக் கிடைத்த கணத்தில் கொல்லாமல் நின்றதால் மட்டுமே நினைக்கப்படும் கதை.

விருஷபநாதரின் மக்கள் பரதனும் பாகுபலியும் போருக்கு எதிர்நின்றபோது, இருபக்கத்து அமைச்சரும் கூடி, படைகள் மாள வேண்டா, நீங்கள் இருவருமே பொருதுகொள்க என்று மூன்று போட்டிகளை வகுத்தனர். கண்ணிமையாமல் நோக்கும் போர், நீர்ப்போர், மற்போர் என்பன அவை. முதல் இரண்டிலும் பாகுபலி வென்றான். மூன்றாவதில் அண்ணனைத் தலைக்குமேல் தூக்கினான். நிலத்தில் எறிவதே அடுத்த செயல். எறியவில்லை. மெல்ல இறக்கினான். நாணமும் சினமும் மேலிட்ட பரதன் ஏவிய சக்கரம் தம்பியை வலம்வந்து ஊறு செய்யாமல் நின்றது. அரசு எத்தன்மையது என்று அக்கணத்தில் உணர்ந்த பாகுபலி அனைத்தையும் விட்டுக் காடு புகுந்து ஓராண்டு அசையாது நின்றான். கொடி காலில் ஏறியது. பாம்புகள் புற்றெடுத்தன. அத்தனைக்கும் பின்னும் முற்றறிவு தோன்றவில்லை. தன்னால் அண்ணனுக்கு வருத்தம் நேர்ந்ததே என்ற ஒரு நினைவு மனத்தில் முள்ளாக இருந்தது என்று ஆதிபுராணம் கூறும். பரதன் வந்து வணங்கிய பின்னரே அம்முள் நீங்கியது. வென்றவன் வென்றதற்காக ஓராண்டு வருந்திய கதை உலக இலக்கியத்தில் வேறெங்கும் இத்துணை அழகாக உண்டா என்பதை அறிஞர் ஆராய்க.

சாமுண்டராயர் அவ்வுருவையே ஏறத்தாழ 981இல் சிரவணபெளகுளத்தில் 57 அடி உயரத்தில் ஒரே கல்லில் எழுப்பினார். போரில் வாழ்ந்த தளபதி, போரை நிறுத்தியவனைத் தன் வாழ்நாளின் பெருஞ்செயலாகத் தேர்ந்தது நம் சிந்தனைக்கு உரியது. அச்சிலையின் தோள்கள் அகன்றவை. கைகள் முழங்கால் வரை தாழ்ந்தவை. அக்கைகளில் ஒன்றும் இல்லை. நம் தமிழகத்திலும் கழுகுமலைப் பாறையில் பாண்டியர் காலத்துப் பாகுபலி கொடி சூழ நிற்கிறார். செல்ல இயன்றோர் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுக.

மாதனூருக்குத் திரும்புவோம். சிறுவனின் இரண்டாம் கேள்வி இன்னும் அங்கேயே நிற்கிறது. தந்தையார் மாலையில் நம்மோடு பாலாற்றுப் பக்கம் நடந்து வந்தபோது தாமாகவே பேசினார். "ஊனுக்காகக் கொல்கிறார்கள் ஐயா. தோலுக்காக யாரும் கொல்வதில்லை. தோல் ஷாப் இல்லாவிட்டாலும் அந்த மாடு சாகத்தான் போகிறது. நான் எழுதுவது எண்கள்" என்றார். இவ்வாதத்தை நாம் பலரிடம் கேட்டிருக்கிறோம். ஒரு பகுதி உண்மை. மறுபகுதி உண்மையன்று. தோலுக்கு விலையுண்டு என்பதால் விலங்கின் விலை கூடுகிறது. விலை கூடுவதால் விற்பவனுக்கும் வெட்டுபவனுக்கும் ஊதியம் கூடுகிறது. செருப்பு வாங்குபவர் அச்சங்கிலியின் ஒரு கண்ணி. எண்களை எழுதுபவரும் ஒரு கண்ணி. சங்கிலி என்றதும் ஹெர்குலிஸ் நினைவு வருகிறது. அவர் இழுத்த சங்கிலி தூணைச் சாய்த்தது. நாம் பிடித்திருக்கும் இச்சங்கிலி எதையும் சாய்ப்பதாக நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆயின் அத்தொழிலை இழித்துரைக்க நமக்கு உரிமையில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரங்களில் பல்லாயிரம் குடும்பங்களுக்கு அடுப்பெரிவது தோலால்தான். விடியற்காலையில் கம்பெனிப் பேருந்துகளில் ஏறும் பெண்களைப் பார்த்தவர்கள் அத்தொழிலை வெறும் பாவத்தொழில் என்று சொல்லி முடித்துவிட மாட்டார்கள். அதனால் நீருக்கு நேர்ந்த கேட்டையும் மறைப்பதற்கில்லை. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்து, தோல் ஷாப்புகளின் கழிவால் பாலாற்று நீர் கெட்டதைக் கண்டித்து, கெடுத்தவரே ஈடு தர வேண்டும் என்ற நெறியை வலியுறுத்தி, ஒவ்வொரு தோல் ஷாப்பும் பத்தாயிரம் ரூபாய் தண்டம் கட்ட ஆணையிட்டது. நீரையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்களை நம் நூல்கள் பேசுகின்றன. நாம் வடிகட்டிய நீரைக் குடிப்பவர்கள். வடிகட்டும் துணியில் தங்காத நஞ்சு எத்தனை உயிர்களைத் தீண்டுகிறது என்பது அத்துணியின் கணக்கில் வாராது.

அப்படியானால் மகன் தந்தையை வென்றுவிட்டானா? நம் கருத்தைச் சொல்கிறோம், ஏற்பதும் மறுப்பதும் வாசகர் விருப்பம். அமிர்தசந்திரர் புருஷார்த்த சித்தியுபாயத்தில், இம்சை செய்யாதவன் அதன் பயனை அடைவதும், செய்தவன் அடையாதிருப்பதும் உண்டு என்று நுணுக்கமாக ஆராய்கிறார். எல்லாம் உள்ளத்தின் ஆர்வ வேகத்தைப் பொறுத்தது. தந்தையார் மகிழ்ந்து அத்தொழிலைச் செய்யவில்லை. நாள்தோறும் பிரதிக்கிரமணத்தில் அதனை நினைக்கிறார். மகன் மகிழ்ந்து கைதட்டினான், ஆனால் ஓர் எறும்பும் அதனால் சாகவில்லை. எண்ணத்தளவில் பார்த்தால் தந்தையின் சுமை குறைவு. பொருளளவில் பார்த்தால் மகனின் சுமை இல்லையென்றே சொல்லலாம். இருவரையும் ஒரே தராசில் ஏற்றி நிறுக்க இயலாது. ஆயினும் அமிர்தசந்திரரின் நுட்பத்தை நாம் நமக்கே சாதகமாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு என்பதை மறவாதிருக்க வேண்டும். 'என் உள்ளம் வருந்துகிறது' என்று சொல்லிக்கொண்டே இருபத்தைந்து ஆண்டு ஊதியம் பெறலாம். வருந்துவதும் ஒரு பழக்கமாகிப் போகும். பாகுபலியின் வருத்தம் அவரைக் காட்டிற்கு அனுப்பியது. நம் வருத்தம் நம்மை எங்கும் அனுப்புவதில்லை. தந்தையார் மகனைக் கடிந்ததில் நமக்கு ஒப்பில்லாதது இதுவே. தம் உள்ளத்தில் உறுத்தியதை அவர் மகனுடைய கைதட்டலின் மேல் இறக்கி வைத்தார். சிறுவன் அதனை உணர்ந்துதான் அக்கேள்வியைக் கேட்டான் என்று நினைக்கிறோம்.

இதனை அவரிடம் மறைக்காமல் சொன்னோம். அவர் சினங்கொள்ளவில்லை. பணி ஓய்வுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருப்பதாகவும், மகளின் படிப்புக் கடன் இருப்பதாகவும், அதற்குமுன் விடுவது இயலாது என்றும் சொன்னார். ஊதியத்தில் ஒரு பகுதியை ஒவ்வொரு மாதமும் கோசாலைக்கு அனுப்பி வருவதையும் சற்றுத் தயங்கிச் சொன்னார். அது ஈடாகுமா என்று நம்மைக் கேட்டார். ஈடாகாது என்றோம். ஆயினும் நிறுத்த வேண்டா என்றோம்.

இரவு விளக்கேற்றியபின் சிறுவனுக்குத் திவிட்டன் கதையைச் சொன்னோம். மாயச் சிங்கம் குகையில் மறைந்ததும், உண்மைச் சிங்கம் வெளிப்பட்டதும் வந்தபோது அவன் இடைமறித்து, "அப்படியென்றால் பொய்ச் சிங்கத்தைத் துரத்தப் போய் உண்மைச் சிங்கத்தைக் கொன்றுவிட்டான், இல்லையா தாத்தா?" என்றான். இத்தனை ஆண்டுகள் சூளாமணி படித்தும் அவ்விரு சிங்கங்களையும் அவ்வாறு சேர்த்துப் பார்க்க நமக்குத் தோன்றியதில்லை. பிறகு சிங்கமாய்ப் பிறந்த பகுதியைச் சொன்னோம். ஊனை விட்ட சிங்கம் எத்தனை நாள் உயிரோடிருந்தது, அதற்குப் பசித்ததா, கண் திறந்திருந்ததா என்றெல்லாம் கேட்டான். ஹெர்குலிஸைப் பற்றி அவன் இத்தகைய கேள்வி எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலை புறப்படும்போது பேருந்து நிறுத்தம் வரை அவனே நம் பையைச் சுமந்து வந்தான். வண்டி வரும் நேரத்தைப் பார்க்க நாம் கையை உயர்த்தியபோது அவன் பார்வை நம் மணிக்கட்டில் நின்றது. ஒன்றும் சொல்லவில்லை, பெரியவர் என்ற மரியாதையால் இருக்கலாம். கடிகாரத்தின் பட்டை தோல். உறவினர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் அன்பளிப்பாகத் தந்தது. பேருந்து ஆம்பூரை நெருங்கும்போது அதனைக் கழற்றிப் பையில் வைத்தோம். துணிப்பட்டை ஒன்று அங்கேயே ஒரு கடையில் நாற்பது ரூபாய்க்குக் கிடைத்தது. பழைய பட்டை இப்போது மேசையின் இழுப்பறையில் கிடக்கிறது.